ஆசாரி விரிக்காத காகிதம்

தறி செய்யும் ஆசாரி அவர். எந்தப் பலகையையும் விரலால் தட்டி, காது வைத்துக் கேட்ட பிறகே அறுப்பார். வெளிநாட்டுப் பத்திரிகையில் கண்ட ஸ்பீக்கர் பெட்டியை நானே வரைந்து அவரிடம் கொடுத்தேன். ஸ்பீக்கருக்குப் பின்னால், ஒரு முனை அகலமாகவும் மறுமுனை குறுகலாகவும் நீளமான மரச்சுரங்கம் ஒன்று பெட்டிக்குள்ளேயே மடிந்து மடிந்து வரும்.

“சார், அகலமான முனைதானே ஸ்பீக்கர்கிட்ட இருக்கணும்? தலைகீழா வரைஞ்சிக்கினு வந்திருக்கீங்களே!”

“தறியப் பத்திச் சொல்லுங்க, கேக்கறேன். இது சயின்ஸ்.”

வரைந்தபடியே செய்தார். ஞாயிற்றுக்கிழமை ஆசாரியையும் வரச்சொல்லி, நண்பர்களுக்குப் பாட்டுப் போட்டேன். நாதஸ்வரம் அண்டாவுக்குள்ளிருந்து வந்தது. அவர் சொன்னதே சரி என்று அப்போதே புரிந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

“ஆசாரி தலைகீழா பண்ணிட்டார்” என்றேன்.

அவருக்குப் பத்துத் தறி செய்யும் வேலை தருவதாகச் சொல்லியிருந்த பட்டு முதலாளியும் அங்கே இருந்தார். “அப்ப என் தறி எப்பிடிப்பா வரும்?” என்று ஆசாரியைக் கேட்டார்.

நான் வரைந்து கொடுத்த காகிதம் ஆசாரியின் சட்டைப் பையில்தான் இருந்தது. அதைத் தொட்டார், எடுக்கவில்லை.

“திருப்பி வெச்சிக் குடுத்துட்றேன் சார்.”

கொடுத்தார். பெட்டி அருமையாகப் பாடியது. தறி வேலை வேறொரு ஆசாரிக்குப் போயிற்று. இன்றும் பெட்டியைப் புகழ்கிறவர்களிடம், “டிசைன் என்னுது” என்கிறேன். அந்தக் காகிதத்தை அவர் ஏன் விரிக்கவில்லை என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.