வெள்ளிக்கிழமைக் குளிசை

அண்ணை இறந்த பிறகு கோப்பாய்த் தோட்டத்தை அவருடைய மனைவி, என் மச்சாள்தான் பார்த்துவந்தார். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச எங்கள் குடும்பத்தில் ஆளில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதுதான். என்னை எரிச்சல்படுத்தியதும் அதுதான்.

போன வருஷம் மூட்டுவாதம் முற்றி, அவருடைய விரல்களும் முழங்கால்களும் வீங்கிவிட்டன. கூடவே இரத்தமும் குறைந்தது. கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் மூச்சு வாங்கும். பக்கத்துக் காணிக்காரர் நல்ல மனுஷன். வெங்காயம் நடும் காலத்துக்குள் எழும்ப முடியாவிட்டால் தோட்டத்தைத் தனக்குக் குத்தகைக்குத் தரச்சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார். அண்ணையின் செத்தவீட்டுக்குப் பிறகு அன்றைக்குத்தான் மச்சாளுடைய கண் கலங்கியதைப் பார்த்தேன்.

இரத்தம் காணாது என்று தெரிந்தால் எங்கள் சனம் சும்மா இருக்குமா? வந்தவர்களெல்லாம் முருங்கையிலையும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து குவித்தார்கள். நானோ மாதுளம்பழத்தை உடைத்துக் கொடுத்துவிட்டு, அவர் தின்று முடிக்கும்வரை அசையமாட்டேன். கிளினிக்கில் தந்த இரும்புக் குளிசையையும் தவறாமல் விழுங்கினார். இரத்தம் மட்டும் ஏறவில்லை.

கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். டொக்டர் இளம் பெண். இவ்வளவு இரும்பும் எங்கே போகிறது என்று அவரிடம் கொஞ்சம் சூடாகவே கேட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"இரும்பு உள்ளுக்கை இருக்கு, அம்மா. ஊரடங்கு நேரம் கடையிலை சாமான் இருந்தும் வாங்கேலாதெல்லோ, அப்பிடித்தான். மூட்டிலை உந்த வீக்கம், அழற்சி இருக்குமட்டும் உடம்பு அதைப் பூட்டித்தான் வைச்சிருக்கும்."

ஏதோ கிருமி வந்துவிட்டதென்று உடம்பு நினைத்துக்கொள்கிறதாம். கிருமிக்குக் கிடைக்கக்கூடாதென்று இரும்பை ஒளித்துவைக்க, இரத்தம் ஊறுவதற்கும் அது கிடைக்காமல் போய்விடுகிறதாம். அந்த அழற்சியை அடக்கத்தான் கிழமைக்கு ஒரு நாள் மட்டும் போடும் குளிசை ஒன்றும் தந்திருந்தார்கள். நாள் மாறக்கூடாது என்று கண்டிப்பாகவும் சொல்லியிருந்தார்கள். அதை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று டொக்டர் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை போடச் சொன்னவை," என்றார் மச்சாள். "வெள்ளி எனக்கு விரதம். விரதத்திலை நான் குளிசை தொடுறேல்லை."

மாதக்கணக்காக அந்தக் குளிசை அவர் வாய்க்குள் போகவே இல்லை. சனிக்கிழமை போட்டிருக்கலாமே என்று நான் சீறினேன். டொக்டர்மார் சொன்ன நாளை நான் மாற்றலாமோ என்று அவர் திருப்பிக் கேட்டார். சாமிக்கும் சொன்ன சொல் தவறவில்லை, டொக்டருக்கும் தவறவில்லை என்பது அவருடைய நியாயம்.

டொக்டர் சிரிக்கவில்லை. விரதத்தைப் பற்றி ஒரு சொல் கதைக்கவுமில்லை. "அப்ப நாங்கள் புதன்கிழமை ஆக்குவம்," என்றார். அந்தப் பிள்ளையை அங்கேயே கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

புதன்கிழமைகள் போகப்போக வீக்கம் வற்றியது. அதன் பிறகுதான் இரத்தம் மெல்ல மெல்ல ஏறியது.

மழை விட்டிருந்த ஒரு காலையில் தோட்டத்துக்குப் போனேன். மச்சாள் பாத்திக்குள் குந்தியிருந்து வெங்காயம் நட்டுக்கொண்டிருந்தார். அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தலையை நிமிர்த்தினார்.

"உப்பிடி நிண்டு விடுப்புப் பாக்கவே வந்தனீ? குந்தி நடு."

சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு நானும் குந்தினேன்.