பதினெட்டு டிகிரி கோணல்

எங்கப்பா என்கிட்ட பொய் சொல்றாருங்கிறதைச் சாப்பாட்டு நேரத்துலதான் கண்டுபிடிச்சேன். அம்மா சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டுச்சு, "நாலு நாளா மாடிக்கு ஏறி எறங்குறீகளே, அப்படி என்னத்தத்தான் பாத்தீக?" அப்பா சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னாரு: "சனி கெரகம். செவச்செவன்னு தட்டு மாதிரி இருக்கு, சுத்தி வளையம். அருமை போ."

நான் செஞ்சு வச்சிருக்குற டெலஸ்கோப்புல சனி செவப்பா தெரியாது, தட்டு அளவுக்கும் தெரியாது. பாசிப்பருப்பு அளவுல, வெளிறின மஞ்சள்ல, வளையத்தோட நிக்கும். அப்பா சொன்னது எங்கயோ புத்தகத்துல பாத்த படம். "தெரியுதாப்பா?"ன்னு நான் கேட்டப்பல்லாம் "நல்லாத் தெரியுதுப்பா"ன்னு சொன்ன மனுசன் ஒரு தடவைகூடப் பாக்கல!

மறுநாள் பிடிச்சு உலுக்கிட்டேன். "தெரியாததத் தெரியுதுன்னு ஏம்ப்பா சொல்றீக?" அவரு சிரிச்சாரு. "நீ இம்புட்டு மெனக்கெடுற. தெரியலன்னு எப்படிப்பா சொல்ல? சாரமில்ல, விடு." சாரமில்லங்கிறது மலையாளம், பரவாயில்லன்னு அர்த்தம். கம்பத்துலேருந்து குமுளிக்கு மேல ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திப் போற ஜீப்பை முப்பது வருசம் ஓட்டினவரு. அங்கன தொத்திக்கிட்ட வார்த்தை அது. கழுத்தெலும்புத் தேய்மானமும் அந்த ரோட்டுல வந்ததுதான்.

அந்தக் கழுத்துதான் பிரச்சனையே. ஸ்டூல்ல உக்காந்து, கழுத்துக்கு டாக்டர் குடுத்த பட்டியக் கழட்டி, கண்ணாடியக் கழட்டி, கழுத்தை அங்குலம் அங்குலமா வளைச்சு லென்சுல கண்ண வைக்க அவருக்கு மூணு நிமிசம் ஆகும். பூமி சுத்துறதுல முக்கா நிமிசத்துலயே சனி லென்சை விட்டு நழுவிப் போயிரும். அவரு பாத்ததெல்லாம் வெறும் இருட்டு. அதைப் பாத்துட்டுத்தான் அருமைன்னு சொல்லியிருக்காரு. நெனைக்க நெனைக்க ஆத்தாமையா இருந்துச்சு.

சரி, சனி ஓடுனா டெலஸ்கோப்பும் கூடவே ஓடட்டும்னு எறங்கிட்டேன். எனக்குத் தொழில் கிணத்து மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி ரிப்பேர் பாக்குறது. செல்போன்ல கூப்பிட்டா தானா ஓடுற பெட்டியும் செய்வேன். அதுக்குள்ள தீப்பெட்டி அளவுல மைக்ரோகண்ட்ரோலர் ஒண்ணு இருக்கும், நாம எழுதிக் குடுக்குற புரோகிராம்படி வேலை செய்யும். வயக்காட்டு மோட்டாரை ஓட்டுறவனுக்கு டெலஸ்கோப்பு மோட்டாரை ஓட்டத் தெரியாதா? அவ்வளவு திமிர் எனக்கு.

பத்து டிகிரி தலையத் தூக்கி, சரியா வடக்கப் பாத்து ஒரு இரும்பு அச்சு. டெலஸ்கோப்பு அதுமேல உக்காந்திருக்கும். பூமி சுத்துற வேகத்துக்கு மோட்டார் அச்சை எதுத்தாப்புல சுத்திக்கிட்டே இருந்தா சனி லென்சுக்குள்ளயே நிக்கும். வடக்குக் காட்டுற துருவ நட்சத்திரம் நம்ம பக்கம் தரையை ஒட்டித்தான் இருக்கும். எங்க வீட்டுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுத் தண்ணித்தொட்டி நின்னுச்சு. போன்ல இருக்குற திசைகாட்டி என்னமோ ஒரு திசையக் காட்டுச்சு. தளத்துக் கம்பியில போன் கொழம்புதுன்னு அதைத் தள்ளிட்டேன். வடக்கு தெரியாமயா இருக்கேன்? எங்க வீடு வடக்கு வாசல் வீடு. பொறந்ததுலேருந்து அம்மா அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கு. மாடிக் கைப்பிடிச் சுவருக்கு நேரா அச்சை வச்சு போல்ட்டை முறுக்கிட்டேன்.

மூணு வாரம். பகல்ல கடையில உக்காந்து புரோகிராமை மாத்துறது, பொழுது சாஞ்சதும் மாடிக்கு ஓடுறது. சனி முந்தி மாதிரி ஓடல. ஆனா நிக்கவும் இல்ல, ரெண்டு நிமிசத்துல மெதுவா வெளிய போயிருச்சு. வேகத்தக் கூட்டினேன், கொறச்சேன், மறுபடி கூட்டினேன். பொய் சொல்லக் கூடாதுன்னு அப்பாகிட்ட சத்தியம் வாங்கியிருந்தேனா, அவரு தெனமும் கண்ண எடுத்து, "தெரியலப்பா"ன்னு சொன்னாரு. அதுக்கு அந்தப் பொய்யே தேவலாம்னு இருந்துச்சு. அம்மா வேற கீழ இருந்து, "ஊருல அவனவன் சனியன வெரட்டப் பரிகாரம் பண்றான், இவன் மோட்டார் வச்சு வீட்டுக்கு இழுக்குறான்!"னு கத்தும். இன்னும் கொஞ்ச நாள் போனா பொழுதோடயே சனி மலைக்குப் பின்னால எறங்கிரும். எனக்கு இருப்புக் கொள்ளல. கடைக்கு வந்த ஸ்டார்ட்டர் ஒண்ணுல வயரை மாத்திக் குடுத்து விவசாயிகிட்ட திட்டு வாங்கினேன்.

ஒரு நாள் ஆத்திரத்துல ஸ்க்ரூடிரைவரை விட்டெறிஞ்சுட்டு, லென்சுல கண்ண வச்சபடி அசையாம உக்காந்தேன். அப்பத்தான் உறைச்சது. சனி மோட்டார் சுத்துற பக்கம் முந்தவும் இல்ல, பிந்தவும் இல்ல. குறுக்கால போகுது. வேகத்துல தப்பு இருந்தா குறுக்கால ஏன் போகணும்? அச்சுதான் திசை மாறி நிக்குது.

மறுநாள் உச்சி வெயில்ல மாடியில கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். நெழல் ரொம்பக் கட்டையாகுற நேரத்துல அது விழுகுற கோடுதான் அசல் வடக்கு. சாக்பீசால கோடு போட்டேன். கைப்பிடிச் சுவர் அந்தக் கோட்டுக்கு நேரா இல்ல. அளந்தா பதினெட்டு டிகிரி கோணல். அடக் கெரகமே! திசைகாட்டி சரியாத்தான் சொல்லியிருக்கு.

சாப்பிடக் கூப்பிட வந்த அப்பா கோட்டையும் சுவரையும் மாறி மாறிப் பாத்தாரு. மூஞ்சி வெளிறிப் போச்சு. படிப்பக்கம் திரும்பி அம்மா வருதான்னு பாத்துட்டு, கிட்ட வந்து குசுகுசுன்னு சொன்னாரு.

"ஏலே, உங்காத்தாகிட்ட சொல்லிராத. முந்தி இருந்த தெக்கு வாசல் வீட்டுலதான் மூத்த புள்ள தங்காமப் போச்சுன்னு அவ மனசு விட்டுக் கெடந்தா. வடக்கு வாசல் வச்சாத்தான் குடி வருவேன்னா. நம்ம எடம் ரோட்டோட சாஞ்ச எடம். திருப்பிக் கட்டுனா ஒரு ரூம்பு போயிரும்னு கொத்தனார் சொன்னாரு. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு வடக்குன்னு சொல்லிட்டோம். அதுக்கப்பறந்தான் அவ நல்லாத் தூங்குனா."

நான் பொறக்குறதுக்கு முன்னாடியே சொன்ன பொய் அது. போல்ட்டைக் கழட்டி அச்சைச் சாக்பீஸ் கோட்டுக்குத் திருப்பினேன். மூணு வாரமா நோண்டினதையெல்லாம் அழிச்சிட்டு, மொத நாள் எழுதின வேகத்தையே புரோகிராம்ல திருப்பிப் போட்டேன். அது அன்னைக்கே சரியாத்தான் இருந்திருக்கு.

ராத்திரி ஏழு மணி. சனியப் பிடிச்சு லென்சுக்கு நடுவுல நிப்பாட்டினேன். அப்பா உக்காந்து, பட்டியக் கழட்டி, கண்ணாடியக் கழட்டி, கழுத்தை வளைச்சாரு. மூணு நிமிசம் போச்சு. நாலும் போச்சு.

"தெரியுதாப்பா?"

கேக்குறதுக்கு முன்னாடியே தெரியுதுங்கிற மனுசன், சும்மா இருடான்னு கையக் காட்டினாரு. அப்பறம் கண்ண எடுக்காமலே கேட்டாரு: "ஏம்ப்பா, வளையத்துக்கு வெளிய தள்ளி ஒரு சின்னப் பொட்டு நிக்குதே, அது என்னது?"

அது சனியோட பெரிய நெலா. அவரு சொன்ன புத்தகப் படத்துல அது கெடையாது, நானும் அதைப் பத்தி மூச்சு விட்டதில்ல. பாத்தவருக்குத்தான் அது தெரியும். எனக்கு அழுகை வந்துருச்சு, வெக்கமில்லாம அழுதேன். அப்பா படியப் பாத்துக் கத்தினாரு, "ஏ இந்தா, மேல வா! வந்து நீயே பாரு!"

அம்மா மூச்சு வாங்கிக்கிட்டு ஏறி வந்துச்சு. லென்சுகிட்ட போகல. மொதல்ல இரும்பு அச்சையும் சுவரையும் பாத்துச்சு. வீட்டுல ஒரு சாமான் நேரா இல்லன்னா அதுக்கு ஆகாது.

"ஏன்டா, நேத்து வரைக்கும் சுவருக்கு நேராத்தான இருந்துச்சு? இப்ப ஏன் கோணலா வச்சிருக்க?"

அப்பா என்னையப் பாத்தாரு. மூணு வாரமா பொய் சொல்லாதீகன்னு அவரு உசுர எடுத்தவன் நான்.

"வீடு வடக்கப் பாத்து நேராத்தாம்மா இருக்கு"ன்னேன். "வானந்தான் கொஞ்சம் கோணல். நீ வந்து பாரு."