ஆமையோடு விழுப்புரம் மாட்டாஸ்பத்திரிக்கு

காலை ஐந்தரை மணிக்குக் கிளம்பினோம். திண்டிவனத்தில் எங்கள் தெரு பனிக்குள் மூழ்கிக் கிடந்தது. மார்கழி மாதமானதால் எதிர்வீட்டுத் தனலட்சுமியம்மாள் மட்டும் எழுந்து வாசலில் கோலம் போட்டு முடித்திருந்தாள். கோலத்து நடுவில் சாணி உருண்டையை வைத்து, அதன் தலையில் பூசணிப்பூவைச் செருகிவிட்டு நிமிர்ந்தாள். அவள் கண்ணில் படாமல் போய்விட வேண்டும் என்றுதான் அந்த நேரத்தில் கிளம்பியதே.

"காலங்காத்தால கூடையத் தூக்கிக்கினு ரெண்டு பேரும் எங்க?"

நான் கூடைத் துணியை இழுத்து மூடினேன். என் நாத்தனார் ஆரோக்கியம்தான் பதில் சொன்னாள்.

"விழுப்புரத்துல ஒரம்பரைக்கு ஒடம்பு சரியில்ல. பாத்துட்டு வர்றோம்."

அவள் உறவு சொன்ன அந்த ஒரம்பரை கூடைக்குள்தான் இருந்தது. ஓர் ஆமை.

காசிக்கும் கொழும்புக்கும் போய் வந்தவர்கள் எழுதுவதைப் பத்திரிகைகளில் எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் இருபத்து நாலு மைல். மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஏழணா. இதையும் பயணம் என்று எழுதலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். போய்த் திரும்புவதற்குள் நான் பட்ட பயம் காசிக்குப் போனவர்கள் பட்டிருக்க மாட்டார்கள்.

ஆமையின் பெயர் தொரை. செஞ்சிப் பக்கத்துக் காட்டில் என் வீட்டுக்காரர் கண்டெடுத்து வந்தது. முதுகில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் மாதிரி ஓடும். தாலுகா கச்சேரிக்கு வரும் வெள்ளைக்காரத் துரை போலத் தலையை நிமிர்த்திக்கொண்டு, யாரையும் லட்சியம் பண்ணாமல் நடக்கிறது என்று அவர்தான் அந்தப் பெயர் வைத்தார். பினாங்கில் ஒரு கடையில் வேலை கிடைத்துக் கப்பலேறியபோது, "நான் வர்ற வரைக்கும் தொரையைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போனது. அதோடு தபால் நின்றது. இருக்கிறாரா, இல்லையா, யாருக்கும் தெரியாது.

அதன் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. தொரை கீரையைக் கடிக்கும்போது, அவரும் எங்கேயோ உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். யாரிடமும் சொன்னதில்லை. தபால் வராததைத் தெரிந்துகொண்ட தனலட்சுமியம்மாள், "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்று குழாயடியில் நாலு பேர் நடுவில் கேட்டாள். அன்றே ஆமையைக் கொல்லையிலிருந்து எடுத்து உள்ளறையில் நெல் குதிருக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இருட்டில் விட்டுவிட்டேன். மழைக்காலம் முடிந்து பனி விழ ஆரம்பித்தபோது தொரை தின்பதை நிறுத்திவிட்டது. கீரை வைத்தேன், வெள்ளரிப் பிஞ்சு வைத்தேன், தக்காளி வைத்தேன். தலையே வெளியே வரவில்லை. மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியும் பார்த்தாயிற்று. "விழுப்புரத்துல மாட்டாஸ்பத்திரி இருக்குது. மாட்டுக்கும் நாலு காலு, இதுக்கும் நாலு காலு. கெளம்பு" என்று நாத்தனார்தான் கடைசியில் சொன்னாள்.

ஆறேகாலுக்கு வரவேண்டிய ரயில் ஏழரைக்கு வந்தது. சிப்பாய்கள் நிறைந்த மிலிட்டரி வண்டி ஒன்று முதலில் போகவேண்டுமாம். பெட்டிக்குள் நிற்கக்கூட இடமில்லை. எப்படியோ ஜன்னலோரம் ஒண்டிக்கொண்டு, கூடையை மடியில் வைத்து, அதன் மேல் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். உள்ளே ஏதாவது அசைகிறதா என்று உள்ளங்கையை அடியில் வைத்துப் பார்த்தபடியே இருந்தேன். கல்லைச் சுமப்பது போலத்தான் இருந்தது.

மயிலத்தில் வெற்றிலைக் கட்டோடு ஓர் அம்மாள் ஏறி எங்கள் காலடியில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு விடவில்லை.

"ஏம்மா மொகம் இப்டி வாடிக் கெடக்குது? யாருக்கு ஒடம்பு?"

"வூட்ல கொழந்தைக்குங்க. ஒண்ணுமே சாப்ட மாட்டேங்குது" என்றேன். அந்த நேரத்தில் அது எனக்குப் பொய்யாகத் தோன்றவில்லை.

"கண்ணு பட்டிருக்கும். மேல்மலையனூர் அம்மனுக்கு வேண்டிக்கினு ஒரு எலுமிச்சம்பழம் தலமாட்டுல வெய்யி. எங்க வூட்டுப் பய இப்டித்தான் பட்டினி கெடந்தான். வேண்டிக்கினு வந்த மறுநாளே எழுந்து ஒரு சட்டி கேப்பக் கூழக் காலி பண்ணிட்டான்."

பேரணி தாண்டியதும் தன் முந்தானையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்தாள். "இந்தா, கொழந்தைக்குக் குடு" என்று, நான் கை நீட்டுவதற்குள் துணியை விலக்கிக் கூடைக்குள் கையை விட்டாள்.

அவள் போட்ட கூச்சலில் பெட்டியே எழுந்து நின்றது.

"ஆமை! ஐயையோ, ஆமையத் தொட்டுட்டேனே!"

"அதான் வண்டி லேட்டு" என்று மேல் பலகையிலிருந்து யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். எல்லாரும் சிரிக்கவில்லை. தலைப்பாகை கட்டிய ஒருவர், பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை உட்கார வைத்திருந்தவர், முகம் சிவந்து எழுந்தார். "மொதப் பிரசவத்துக்கு அழைச்சிக்கினு போறேன். எதிர்ல இதயா கொண்டாந்து வெப்பீங்க? ஜன்னல் வழியா வீசுங்க, இல்ல எறங்குங்க."

"யுத்தம் வந்து ஊரெல்லாம் பேஜாராக் கெடக்குது. ஜப்பான்காரனக் கூப்டதும் எங்க ஆமைதானா?" என்றாள் நாத்தனார்.

அவர் கை கூடைப் பக்கம் நீண்டது. நான் கூடையின் மேல் கவிழ்ந்துகொண்டேன். யாரும் என்னைத் தொடவில்லை. ஆனால் வண்டி விக்கிரவாண்டியில் நின்றதும் நானாகவே இறங்கிவிட்டேன். அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்த பிறகு உட்கார்ந்திருக்க எனக்குத் தைரியமில்லை. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதையும் சேர்த்து நான்தான் சுமக்க வேண்டும்.

"உன் பயத்துக்கு ரயில் டிக்கெட்டு, அப்பறம் வண்டிக் கூலி. ரெண்டு செலவு" என்று முணுமுணுத்துக்கொண்டே நாத்தனாரும் இறங்கினாள்.

விக்கிரவாண்டியிலிருந்து விழுப்புரம் சாலை வழியாக எட்டு மைல். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போன, கூண்டில்லாத ஒரு மொட்டை வண்டியில் நாலணாவுக்கு இடம் கிடைத்தது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்தோம். இருபுறமும் புளிய மரங்கள். அவற்றைத் தாண்டி அறுவடைக்கு நிற்கும் நெல்லும், பிடுங்கிப் போட்ட மல்லாட்டைக் கொடியும் கண்ணுக்கு எட்டிய வரை தெரிந்தன. பனி விலகி வெயில் ஏறியது. சாலையில் ஆளில்லை என்பதால் கூடைத் துணியை எடுத்துவிட்டேன். நாத்தனார் வாழைப்பழத்தை உரித்துத் தொரையின் முன்னால் நீட்டினாள். அது கண்டுகொள்ளவில்லை. "கொழந்தைக்குக் குடுத்த பழம்" என்று சொல்லி அவளே தின்றுவிட்டாள்.

ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். புளிய மர நிழல் இல்லாத ஒரு நீண்ட வெட்டவெளி. சுள்ளென்று வெயில். அப்போதுதான் தொரை தலையை வெளியே நீட்டியது. கழுத்து நரம்பு தெரிகிற அளவுக்கு நீட்டி, வாயை ஒருமுறை திறந்து மூடியது. முன்கால் கூடையைப் பிறாண்டியது.

சந்தோஷப்பட வேண்டியதுதான். என் புத்தி அப்படிப் போகவில்லை. என் அப்பா சாவதற்கு முந்தின நாள் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார். அணையப் போகிற விளக்கு அப்படித்தான் எரியும் என்பார்கள்.

"அக்கா, போவுதுக்கா! உசுரு போவுதுக்கா!"

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா, நல்லாத்தான முழிச்சிக்கினு கீது?"

"ஐயா, ஜல்தி ஓட்டுங்க!"

"மாட்டுக்கு அந்த வார்த்தை தெரியாதே தாயி" என்று சொன்னாலும் வாலை முறுக்கினார்.

வெயில் தாங்காமல்தான் துடிக்கிறது என்று முடிவு கட்டி, வண்டியை நிறுத்தச் சொல்லி, வாய்க்காலில் துணியை நனைத்துக் கொண்டுவந்து கூடையின் மேல் போர்த்தினேன். முந்தானையாலும் நிழல் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் தலை உள்ளே போயிற்று. பிறாண்டல் நின்றது. மீதி வழி முழுக்க மாதாவைக் கூப்பிட்டபடியே போனேன்.

பதினொன்றரை மணிக்கு மாட்டாஸ்பத்திரி. ஓட்டுக் கட்டடத்துக்கு முன்னால் பெரிய முற்றம். ஜட்கா வண்டிக் குதிரை ஒன்று, காலில் புண் வந்த எருதுகள், ஒரு சினை எருமை. கூடையைப் பார்த்த கம்பவுண்டர், "கோழியா?" என்று கேட்டார். உள்ளே பார்த்துவிட்டு, "சார், இங்க வந்து பாருங்களேன்!" என்று கூவினார். முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். ரயிலில் பட்டது போதாதா என்று கூடையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

டாக்டர் குதிரையை விட்டு வந்தார். காக்கி நிக்கர், வயது நாற்பதுக்குள். சிரிக்கவில்லை. தொரையைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தார். பின்னங்காலை மெல்ல இழுத்துப் பார்த்தார்.

"எங்க புஸ்தகத்துல இதுக்குப் பாதிப் பக்கம்கூடக் கெடையாதும்மா. தெரிஞ்சதைச் சொல்றேன். இது ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு? ஈரத் துணி போட்டதாரு?"

சொன்னேன். வண்டியில் நடந்ததையும், அது தலையை நீட்டியதையும், நான் பயந்ததையும் சொன்னேன்.

"வீட்டுல எங்க வெச்சிருக்கீங்க?"

"உள்ளறையிலங்க. குதிருக்குப் பின்னால."

"வெயிலே படாதா?"

"படாதுங்க."

அவர் ஈரத் துணியை எடுத்து ஓரமாகப் போட்டார். "மாட்டுக்கு ஒடம்புக்குள்ளயே சூடு இருக்கு. இதுக்கு இல்ல. ஓணான் பாறை மேல படுத்துக் காயுதில்ல, அந்த ஜாதி. வெயில்தான் இதுக்கு அடுப்பு. அடுப்பை அணைச்சுட்டுச் சோறு வேவலையேன்னா எப்படி? வழியில வெயில் பட்டதும் அதுக்கு உயிர் வந்திருக்கு. நீங்க மூடிட்டீங்க."

நாத்தனார் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"வெளிய வெச்சா அக்கம்பக்கத்துல பேசுவாங்கங்க" என்றேன்.

"பேசத்தான் செய்வாங்க" என்றார் டாக்டர். அதற்கு மருந்து அவரிடமும் இல்லை போலிருந்தது.

ஒரு தட்டில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றி, முற்றத்தில் வெயிலில் வைத்துத் தொரையை அதில் இறக்கினார். நாங்கள் எருதுகளுக்கு நடுவில் குந்திக்கொண்டு காத்திருந்தோம். பன்னிரண்டு மணி வெயில் மண்டையைப் பிளந்தது. வெகு நேரம் கழித்து மூக்கு தெரிந்தது, பிறகு கண். தலையைத் தாழ்த்தித் தண்ணீரைக் குடித்தது. எருது ஓட்டி வந்தவர் பச்சை மல்லாட்டைக் கொடி ஒன்றைப் பிய்த்து அதன் எதிரில் போட்டார். முகர்ந்தது. தின்னவில்லை.

"தெனம் வெதுவெதுன்னு தண்ணி, அப்பறம் வெயில். நிழலுக்கும் கொஞ்சம் எடம் விடுங்க. பொழைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். பாருங்க" என்றார் டாக்டர். காசு வாங்கவில்லை. சத்தியம் பண்ணியிருந்தால் காசு கொடுத்திருப்பேன்.

மாலை நாலு மணி ரயிலில் திரும்பினோம். மேற்கு ஜன்னலாகப் பார்த்து இடம் பிடித்த நாத்தனார், தொரையை மூடாமலே மடியில் வைத்துக்கொண்டாள். விக்கிரவாண்டி வந்தபோது நான் துணியை எடுக்கக் கை நீட்டினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எதிரே இருந்த இளம் சிப்பாய் ஒருவன் தொரையையே பார்த்துக்கொண்டு வந்தான். மயிலத்தில் சூரியன் இறங்கியது. சாய்ந்த வெயில் அவன் முகத்திலும் ஆமை ஓட்டிலும் ஒரே மாதிரி விழுந்தது. இவன் எந்த ஊருக்கு, எந்தக் கடலைத் தாண்டிப் போகிறானோ என்று நினைத்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தெருவில் வெயில் விழுந்தது. எங்கள் கொல்லையில் மதியம் வரை நிழல். ஆகவே வாசலில்தான் விட வேண்டும். விட்டேன். தெருவே பார்த்தது. தனலட்சுமியம்மாள் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்தடுத்த நாட்களில் தொரை நடந்தது, தண்ணீர் குடித்தது, தின்னவில்லை. வெந்நீர் வைக்கும்போதெல்லாம், பினாங்கில் வெயில் உண்டா, அவரை எங்காவது இருட்டில் வைத்திருப்பார்களா என்று என் மனசு ஓடும்.

ஒரு காலை நான் முறத்தோடு வெளியே வந்தபோது தொரை வாசலில் இல்லை. தெருவின் நடுவில் இருந்தது. தலையை நிமிர்த்திக்கொண்டு, யாரையும் லட்சியம் பண்ணாமல், எதிர்வீட்டுக் கோலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஓடப் பார்த்தேன். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோலத்தை அழித்துக்கொண்டே நடுவுக்குப் போய், சாணி உருண்டையின் மேல் ஏறி, பூசணிப்பூவை ஒரு கடி கடித்தது. மென்றது. இன்னொரு கடி.

சாத்திய கதவு திறந்தது. தனலட்சுமியம்மாள் துடைப்பத்தோடு நின்றாள்.

"ஏம்மா பிலோமி, விழுப்புரத்து ஒரம்பரை இதுதானா?"

"ஆமாங்க."

"சாப்டவே இல்லியா இத்தன நாளா?"

"இல்லீங்க."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அது தின்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் விடியற்காலையில் அவள் கோலத்தில் வழக்கம்போல ஒரு பூ இருந்தது. இன்னொரு பூ, சாணி இல்லாமல், எங்கள் பக்கத்துச் சாக்கடை ஓரத்தில் தனியாக வைக்கப்பட்டிருந்தது. வெயில் வந்து தொரை அதனிடம் போய்ச் சேர்ந்தபோது அவளும் வெளியே வந்தாள்.

"பினாங்குத் தம்பிகிட்டேருந்து லெட்டர் எதுனா வந்துச்சா?" என்று கேட்டாள்.

யார் கேட்டாலும் "வந்துடும்ங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவது என் வழக்கம்.

"வரலீங்க" என்றேன். உள்ளே போகவில்லை. அவளும் போகவில்லை. நாத்தனாரும் வந்து நின்றாள். பூ தீரும் வரை மூன்று பேரும் வெயிலில் நின்றோம்.