தபசுகாலத்துக் கரட்

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் தெரிந்த விஷயம் அது. நாற்பது நாள் தபசுகாலம் தொடங்கினால் அப்பா பீடியை விட்டுவிடுவார். உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு மறுபடியும் பற்றவைத்துவிடுவார். கோயில் வாசலில் அந்த முதல் பீடியை நீட்டி, நெருப்புக்குச்சியும் உரசிக் கொடுக்கும் பொறுப்பு என் தாய்மாமாவுடையது. வேறு எந்தப் பொறுப்பையும் அவர் அவ்வளவு ஒழுங்காகச் செய்து நான் பார்த்ததில்லை.

யேசுவின் பாடுகளுக்காகப் பீடியை விட்ட மனிதர், அவர் உயிர்த்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் அன்றைக்கே ஒரு கட்டுப் பீடியை ஊதித் தீர்ப்பார். இதில் ஏதோ இடிக்கிறதே என்று யாரும் கேட்டதில்லை.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்த வருஷம் நிலைமை மாறியது. கவ்வாத்து வெட்டுவதில் அப்பாவை மிஞ்ச எங்கள் டிவிஷனில் ஆள் கிடையாது. அவர் கத்தி பட்ட தேயிலைச் செடிகள் மேசை போட்டதுபோல ஒரே மட்டத்தில் நிற்கும். அப்பேர்ப்பட்டவர் அந்த வருஷம் மலை ஏறும்போது பாதி வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் டொக்டர் ஐயா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "இப்படியே ஊதிக்கிட்டு இருந்தா, சீக்கிரத்துல மலை ஏறவே மாட்டீங்க."

தபசுகாலத்தில் விட முடிகிறவருக்கு ஏன் அப்புறம் முடிவதில்லை என்று அவர் விசாரித்தபோதுதான் இன்னொன்றும் வெளியே வந்தது. பீடியை விட்ட அதே நாட்களில் அப்பா ஒருசந்தியும் இருப்பார். பகல் முழுக்கப் பட்டினி, ஒரே ஒரு வேளைச் சோறு, இடையில் வெறும் பிளேன் டீ. டொக்டர் ஐயா தலையில் கை வைத்துக்கொண்டார். "வெறும் வயித்துல டீய ஊத்துனா பீடி ஞாபகம் வராம வேற என்ன வரும்? வேளைக்குச் சாப்பிடுங்க. ஆசை வந்தா எதையாவது மெல்லுங்க, தண்ணி குடிங்க, கொஞ்சம் நடங்க."

அம்மாவுக்கு அது வேதவாக்கு. அந்தத் தபசுகாலத்தில் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் அடுப்பு எரிந்தது. அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, அது பொறுக்கவில்லை.

"தபசுகாலத்துல வயிறு முட்டத் திங்கிற வேதக்காரங்கள இப்பதான் பாக்குறேன்."

"பீடிய விடுறதுதான் அண்ணி அவருக்கு ஒருசந்தி. ஆண்டவர் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றாள் அம்மா.

காலையில் பிளேன் டீக்குப் பதிலாக வல்லாரைக் கஞ்சி வந்தது. பிறகு தேங்காய் ரொட்டி. பீடிக்கட்டு குடியிருந்த சட்டைப்பையில் நீளவாக்கில் வெட்டிய கரட்டும் கொய்யாத் துண்டும் குடியேறின. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் குந்திப் பீடி பிடித்த மனிதர், என்னைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை வரை நடந்துவிட்டு வருவார்.

முதல் வாரம் வீட்டில் இருக்க முடியவில்லை. கோழி கூவினாலும் அப்பாவுக்குக் கோபம், கூவாவிட்டாலும் கோபம். ரேடியோவைத் திட்டினார். கஞ்சியைத் திட்டினார். ஆனால் கோப்பையை மட்டும் காலியாக்கிவிட்டுத்தான் வைத்தார்.

மலையில் மற்ற ஆட்கள் பீடி எடுக்கும் நேரத்தில் அப்பா கரட்டை எடுத்துக் கடித்தாராம். அன்றைக்கே அவருக்கு 'முசலு' என்று பெயர் விழுந்துவிட்டது. மறைக்கல்வி வகுப்பில் என்னை "முசலு மக" என்று கூப்பிட்டார்கள். அழுதுகொண்டு வந்து சொன்னேன். அப்பா கோபப்படவில்லை. ஒரு கரட்டை எடுத்து முன்பல்லால் கொறித்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு யாராவது அப்படிக் கூப்பிட்டால், "ஆமா, அதுக்கு என்ன இப்ப?" என்று கேட்கக் கற்றுக்கொண்டேன்.

பெரிய வெள்ளி சிலுவைப்பாதை தேயிலை மலை வழியாகத்தான் ஏறும். மாமா இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தார். அப்பா எங்கேயும் நிற்கவில்லை. விசில் சத்தமும் இல்லை. நான் செபம் சொல்லாமல் அதையே கேட்டுக்கொண்டு ஏறினேன்.

இனி ஞாயிற்றுக்கிழமை பாக்கி. பூசை முடிந்து வெளியே வந்தபோது மாமா வழக்கமான இடத்தில் நின்றிருந்தார். நெருப்புப்பெட்டி கையில் தயாராக இருந்தது. சுற்றிலும் மலையாட்கள். முசலு என்ன செய்யப்போகிறது என்று பார்ப்பதற்காகவே பாதிப் பேர் நின்றார்கள்.

"தபசுகாலம் முடிஞ்சிருச்சி மச்சான். இந்தாங்க, புடிங்க."

அப்பா பீடியை வாங்கினார். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முக்காட்டு நுனியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அப்பா பீடியை மாமாவின் சட்டைப்பையிலேயே திருப்பிப் போட்டார். "எனக்கு இன்னும் தபசுகாலம் முடியல மச்சான்."

மாமாதான் முதலில் சிரித்தார், பீடியைப் பற்றவைக்காமலே. எனக்கோ தரையில் கால் பாவவில்லை. அந்தக் கூட்டத்தில் என் அப்பாவைவிடப் பெரிய ஆள் யாரும் இல்லை என்று தோன்றியது. இப்போது நினைத்தாலும் அப்படித்தான் தோன்றுகிறது.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா பீடி விற்கும் கடைப்பக்கம் போகாமல், ஃபெக்டரிக்குப் பின்னால் சுற்றிப் போகும் பாதையில் இறங்கினார். அது இரண்டு மடங்கு தூரம். புதுச் செருப்பு காலைக் கடிக்கிறது என்று முணுமுணுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மற்றக் கை கரட் தீர்ந்துபோன சட்டைப்பையைத் துழாவிக்கொண்டே வந்தது.

"பசிக்குதாப்பா?"

"ஆமாம்மா."

கோயிலில் கொடுத்த பணிஸை நீட்டினேன். முழுவதையும் ஒரே மூச்சில் தின்றுவிட்டு, மறுபடியும் என் கையைப் பிடித்தார், முன்பைவிட இறுக்கமாக. வலித்தது, ஆனாலும் சொல்லவில்லை. அதுதான் எல்லோர் முன்னாலும் ஜெயித்தாயிற்றே, இனிமேல் என்ன இருக்கிறது? அப்பா என்னைப் பத்திரமாக வீட்டுக்குக் கூட்டிப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு, கூடவே நடந்தேன்.