கேட்டால் கையைத் தூக்கவும்

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் டோர்ட் ஹெல்கிரேன் புது இசைத்தட்டை உறையிலிருந்து உருவுவார். ஈரக் கைகள் இரண்டையும் முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குளியலறைக் கதவை முதுகால் தள்ளித் திறந்து வருவார். துண்டால் துடைக்க மாட்டார், நூல் ஒட்டிக்கொள்ளுமாம். தானாகக் காய வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் பொறுமை இழந்தால் கிடைப்பது திட்டுதான்.

"என்னய்யா அவசரம் உனக்கு? இதைச் செய்யறதுக்கு அவங்க மூணு வருஷம் எடுத்துக்கிட்டாங்க. உன்னால மூணு நிமிஷம் சும்மா இருக்க முடியலையா?"

ஒவ்வொரு தட்டையும் மூன்று முறை கேட்பார். முதல் முறை, மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பால் கலக்காத காப்பியோடு. இரண்டாம் முறை, தரையில் மல்லாந்து படுத்து. மூன்றாம் முறை, அறையில் தட்டை ஓடவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு, சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டு. "செவுத்தைத் தாண்டி வரணும். வந்தா அது பாட்டு. வரலைன்னா வெறும் சத்தம்" என்பார். எத்தனை நல்ல தட்டுகள் அந்த உருளைக்கிழங்குத் தோலோடு குப்பைக்குப் போயிருக்கின்றன என்று கணக்கில்லை.

அவர் கேட்பது ஊரில் பாதிப் பேர் பாட்டு என்றே ஒப்புக்கொள்ளாத பாட்டு. டூம், ஸ்டோனர், சைக்கடெலிக் என்று பல பெயர்கள் சொல்வார்கள். கிடார் தந்திகளைத் தளர்த்திக் கட்டி, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே ஒரு வாய் காப்பி குடித்துவிடலாம் என்கிற நிதானத்தில், நெஞ்செலும்பு அதிர வாசிப்பது. அதை வாசிக்கிறவர்கள் பகலில் லாரி ஓட்டுகிறவர்கள், செவிலியர்கள், குழாய் வேலைக்காரர்கள். முந்நூறு தட்டு அச்சடிப்பார்கள். அதில் ஒன்று தபாலில் டோர்டுக்கு வரும்.

டோர்டின் பிழைப்பு காதுதான். எங்கள் யேவ்லெ ஊர் மருத்துவமனையில் முப்பத்தொரு வருடமாகக் காது பரிசோதிக்கிறார். வருகிறவரைச் சுவரைப் பார்க்க உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவார். கேட்டால் அமுக்குவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அவர் மேஜை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறார். "பொத்தானை யாரு வேணா அமுக்கிடுவான். கையைத் தூக்கறதுன்னா மனுஷனுக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்கும், நெஜமாக் கேட்டாத்தான் தூக்குவான்." ஆகையால் யேவ்லெயில் எல்லோருக்கும் அவருடைய வாசகம் மனப்பாடம். "கேட்டா கையைத் தூக்குங்க. கேக்கலைன்னா தூக்காதீங்க. என்னைச் சந்தோஷப்படுத்தறதுக்காகத் தூக்காதீங்க."

கச்சேரிகளில் கோட்டுப் பை நிறைய ஆரஞ்சு நிறக் காதடைப்பான்களோடு வாசலிலேயே நிற்பார். கழுத்து வரை பச்சை குத்திய ஆறரை அடி ஆட்கள் குனிந்து கையை நீட்டுவார்கள். ஒருவன் ஒருமுறை முரண்டு பிடித்தான். "இதைப் போட்டா பாட்டு கேக்காதே, டோர்ட்." இவர் அசரவில்லை. "இன்னிக்குப் போடு ராசா. அறுபது வயசுல உன் பொண்டாட்டி திட்டறது கேக்கும்." அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் வேண்டவே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தான். டோர்டே செருகிவிட்டார்.

டிசம்பரில், லூசியா திருநாளுக்கு முந்தின வாரம், 'பத்து' வெளிவரும். ஒரே தாள், நடுவில் மடித்தது, இருநூறு பிரதி. அந்த வருடத்துத் தட்டுகளில் அவருக்குத் தேறிய பத்து. எங்கே அச்சடித்தாலும் முதல் கட்டு என் இசைத்தட்டுக் கடைக்குத்தான் வரும், கூடவே குங்குமப்பூ பன் ஒரு பை. மீதி உட்ரெக்டுக்கும் டார்ட்மண்டுக்கும் ஹெல்சிங்கிக்கும் தபாலில் போகும். இசை விழா நடத்துகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் யாரைக் கூப்பிடலாம் என்று தீர்மானிப்பார்கள். எழுத்தும் அவர் மாதிரியே சிக்கனம். இந்த வருடத் தாளிலிருந்து ஒன்று: "லியேஜ் நகரத்து நால்வர். இருபத்திரண்டு நிமிடம் ஒரே பாட்டு. பதினாறாம் நிமிடத்தில் டிரம்ஸ்காரர் ஓர் அடி தவறுகிறார். அதைத் திருத்தாமல் விட்டதற்காக ஆறாம் இடம்." இன்னொன்று: "பின்லாந்து மூவர். நீராவிக் குளியலறையில் வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். சூட்டில் தந்தி தளர்வது கேட்கிறது. அந்தத் தளர்ச்சிதான் பாட்டு. நான்காம் இடம்."

இணையத்தில் அவர் எதையும் கேட்பதில்லை. மற்றவர்கள் அங்கே எழுதுவதைப் படிப்பதுமில்லை. "அடுத்தவன் காதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்பார். இதையெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். இப்போது சொல்லக் கொஞ்சம் கூசுகிறது.

ஏழு வருடம் முன்பு, பக்கத்து ஊர் சாண்ட்விக்கனிலிருந்து அவருக்கு ஒரு தட்டு வந்தது. வின்டர்ஸ்பிஸ், அதாவது குளிர்கால அடுப்பு என்று பெயர் வைத்துக்கொண்ட மூவர். பாடுவதும் கிடாரும் எய்ரா சுண்ட்க்விஸ்ட், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த பெண். வந்தது உறை அச்சாவதற்கு முன்னால் எடுத்த சோதனைத் தட்டு. வெள்ளை உறை, நடுவில் வெள்ளைக் காகிதம், ஓர் எழுத்துக் கிடையாது. பெரிய தட்டுகள் வழக்கமாக நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்றில் ஓடும். சிலர் ஒலி இன்னும் துல்லியமாக இருக்கட்டும் என்று நாற்பத்தைந்து சுற்றுக்கு வெட்டுவார்கள். எய்ராவும் அப்படித்தான் வெட்டியிருந்தாள். டோர்ட் கையைக் கழுவினார், காய வைத்தார், முப்பத்துமூன்றில் ஓடவிட்டார்.

வேறு எந்தப் பாட்டாக இருந்தாலும் முதல் வரியிலேயே குட்டு உடைந்திருக்கும். இந்தப் பாட்டில் உடையாது. மெதுவாக இருப்பதுதானே இதற்கு அழகு. எய்ராவின் குரல் இறங்கி, கனத்து, யாரோ ஓர் ஆணின் குரலாக வந்தது. உட்கார்ந்து கேட்டார், படுத்துக் கேட்டார், உருளைக்கிழங்கு சீவிக்கொண்டு கேட்டார். மூன்று தடவையும் அதே முப்பத்துமூன்று. "இவ்வளவு மெதுவாகப் போக இதுவரை யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. மண்ணுக்கடியிலிருந்து எழும்பும் குரல். முதல் இடம்" என்று எழுதினார்.

தட்டு கடைக்கு வந்தபோது நடுக் காகிதத்தில் நாற்பத்தைந்து என்று இருந்தது. நான் நாற்பத்தைந்தில்தான் போட்டேன். தெளிவான, உயரமான பெண்குரல். டோர்ட் எழுதியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையே என்று தோன்றியது. அப்புறம், டோர்ட் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டியிருக்கிறார், மேதாவித்தனம், என்று நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்துக்கொண்டேன். வாங்கினவர்களுக்கும் அதே எண்ணம். டார்ட்மண்டில் ஒருவர் உறை மேல் 'டோர்ட் சொன்ன வேகத்தில் ஓட்டவும்' என்று சீட்டே ஒட்டி விற்றார். முந்நூறு தட்டும் தீர்ந்தன. நான் ஒரு வார்த்தை அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வின்டர்ஸ்பிஸை விழாக்களுக்குக் கூப்பிட்டார்கள். எய்ரா தந்தியை இன்னும் தளர்த்தினாள், அடித்தொண்டையில் பாடினாள். அவர்கள் இரண்டாவது தட்டு அப்படியே வந்தது, மெதுவாக, இருட்டாக, களைத்துப்போய். டோர்ட் அதற்கு இடம் தரவில்லை. "தங்கள் முதல் தட்டையே நகலெடுக்கிறார்கள்" என்று ஒரு வரி எழுதினார். மூன்றாவது வரவில்லை. எய்ரா பாடி மூன்று வருடம் ஆகிறது.

போன அக்டோபரில் அந்த முதல் தட்டில் ஒரு பிரதியை யாரோ என் கடையிலேயே திரும்ப விற்றுவிட்டுப் போனார்கள். கீறல் இருக்கிறதா என்று பார்க்க ஓடவிட்டேன். டோர்ட் அலமாரியில் எழுத்து வரிசை தப்பியிருந்த தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். யாரும் கேட்காமலே எல்லாச் சனிக்கிழமையும் செய்கிற வேலை அது. பாட்டு ஆரம்பித்ததும் அவர் கை நின்றது.

"யாருய்யா இந்தப் பொண்ணு?"

"விளையாடாதீங்க டோர்ட்."

"விளையாட்டா? இந்த வருஷம் வந்ததா? எனக்கு ஏன் அனுப்பலை? பத்துல முதல் இடம் இவளுக்குத்தான். எழுதி வெச்சுக்கோ."

நான் உறையைத் தூக்கிக் காட்டினேன். அவர் பெயரைப் படித்தார். ரெக்கார்டு பிளேயர் அருகே வந்து, வேகத்தைக் குறிக்கும் சின்ன விளக்கைக் குனிந்து பார்த்தார். பிறகு தரையிலிருந்த பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டார். முப்பத்தொரு வருடம் ஊருக்கெல்லாம் காது பார்த்த மனிதர். காப்பி போட்டுக் கொடுத்தேன். ஆறிப்போன பிறகும் அந்தக் கோப்பையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

இந்த வருடத் தாளில் புதுத் தட்டுகள் ஒன்பதுதான். முதல் இடத்தில் இப்படி இருக்கிறது: "வின்டர்ஸ்பிஸ், ஏழு வருடம் முன்பு வந்த தட்டு. இதைப் பற்றி நான் எழுதியது முழுக்கத் தவறு. வேகத்தைப் பார்க்காமல் ஓட்டினேன். எய்ரா சுண்ட்க்விஸ்டின் குரலை நான் கேட்கவே இல்லை. கேட்காத குரலைப் பற்றி எழுதிவிட்டேன்."

"ஊரே சிரிக்குமே" என்றேன்.

"சிரிக்கட்டும். அதுக்கா பயப்படறேன்?"

எதற்குப் பயந்தார் என்பது பிறகு தெரிந்தது. வெளியூர்ப் பிரதிகளையெல்லாம் அவரே தபாலில் போட்டார். எய்ராவின் விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டிய உறை மட்டும் அவர் கோட்டுப் பையில் காதடைப்பான்களோடு கசங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் அதை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நான் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் எய்ரா வந்தாள். பூட்ஸில் பனி. கையில் அந்தத் தாள். டோர்ட் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே, ஓடவும் முடியாமல் வரவும் முடியாமல் நின்றார்.

"இது நெஜமா டோர்ட்?"

"நெஜம்."

"நீங்க வேணும்னே மெதுவா ஓட்டினீங்கன்னு நெனச்சேன். என் குரலு இந்தப் பாட்டுக்கு ஆகலை, இறக்கினாத்தான் தேறும்னு நாசூக்காச் சொல்றீங்கன்னு. நானும் முப்பத்திமூணுல போட்டுக் கேட்டேன். அந்த ஆம்பளை என்னைவிட நல்லாத்தான் பாடினான். நாலு வருஷம் அவனை மாதிரியே பாடிக்கிட்டிருந்தேன்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா" என்றார் டோர்ட், மிகவும் மெதுவாக.

"முதல் இடம் குடுத்தவரைக் கூப்பிட்டு என்னன்னு கேக்கறது? நீங்க பண்ணியிருக்கலாமே. பாடினது யாருன்னு ஒரு வார்த்தை."

"பண்ணியிருக்கலாம்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்டிருக்க வேண்டிய மூன்றாவது ஆள் நான்தான்.

"இப்பப் பாடுவியா?" என்று கேட்டார் டோர்ட்.

"இது தபால்ல வந்த அன்னிக்கு வீட்ல பாடிப் பாத்தேன். பாதி வரைக்கும்தான் போவுது. அதுக்கு மேல ஏறலை." கோபமில்லாமல், சமையலறையில் உப்பு தீர்ந்துபோனதைச் சொல்வது போலச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு என்னிடம் அந்தப் பழைய தட்டைக் கேட்டாள். விற்க மனமில்லாமல் மேஜைக்கடியில் வைத்திருந்தேன். அவளே அதை ரெக்கார்டு பிளேயரில் வைத்தாள். வேகத்தைப் பார்த்தாள், மாற்றினாள், இன்னொரு தடவை பார்த்தாள்.

"டோர்ட், செவுத்தைப் பாத்துத் திரும்பி நில்லுங்க."

அவர் திரும்பி நின்றார். எய்ரா ஊசியை இறக்கினாள். முதலில் கிடார் மட்டும், நீளமாக, இரண்டு நிமிடத்துக்கு மேல். டோர்டின் முதுகு அசையவில்லை, கைகள் பக்கவாட்டில் தொங்கின. பிறகு அந்தக் குரல், இருபத்தெட்டு வயது எய்ராவின் குரல், மேலே ஏறியது.

டோர்ட் வலது கையைத் தூக்கினார். அந்தப் பக்கம் முழுவதும் ஓடி முடிந்து, ஊசி உள்வட்டத்தில் கரகரத்துக்கொண்டிருந்தபோதும் கையை இறக்கவில்லை.