ஏழரையைக் கழற்றி ஒன்பதை மாட்டிய கதை

ராஸ் அல் கைமா வெயிலில் காலை முழுக்கக் கிடந்த புது டயரின் வாசனை தெரியுமா உங்களுக்கு? மூக்கில் ஏறினால் மதியச் சாப்பாடு வரைக்கும் இறங்காது... எனக்கு அதுதான் ஜெயித்த வாசனை. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. மலையடிவாரத்தில் எங்கள் கல் குவாரி. அதைத் தாண்டி மணல்காட்டில் சர்வே ஆட்களின் கேம்ப். அவர்களுக்குத் தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோக ஒரு பெரிய அமெரிக்கன் பிக்கப் இருந்தது. நான் சம்மட்டி பிடிக்கத்தான் விசா வாங்கி வந்தேன். ஊரில் பஞ்சர் கடையில் இருந்தவன் என்று சொல்லிச் சொல்லி ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்திருந்தேன்.

அந்த பிக்கப்புக்கு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகச் சேர்த்து உயரத் தூக்கியிருந்தார்கள். டயர் மட்டும் பழைய ஏழு ஐம்பது சைஸ். ஆறடி ஆள் குழந்தைச் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றதுபோல் இருக்கும். மணலில் இறங்கினால் புதையும். கேம்பில் தண்ணீருக்கு ஆட்கள் வழிபார்த்துக் கிடப்பார்கள்.

டிரைவர் பழனிசாமி அண்ணன் நாமக்கல்காரர். ஏழு ஐம்பதை அவர் எப்படிச் சொல்வார்? ஏழரை!

"ஏழரைய நாலு கால்லயும் கட்டிட்டு ஓடுனா வண்டி பொதையாம என்னப்பா பண்ணும்? இந்தச் சனியன மொதல்ல கழட்டுப்பா."

எனக்கும் அது சரியாகவே பட்டது. அதே ரிம்முக்கு ஒன்பது சைஸ் போடலாம் என்று ஃபோர்மேன் கரீம் பாயிடம் சொன்னேன். பம்பாய்க்காரர். ஏன் ஒன்பது என்று கேட்டார். ஏழரைச் சனியை விளக்கும் அளவுக்கு எனக்கு இந்தி வராது. "அச்சா சைஸ், பாய்" என்றேன்.

ஸ்டீயரிங்கை ஒடித்தால் மட்கார்டில் உரசும் என்றார் அவர். டயர் வீணாய்ப் போனால் நீ திரும்பவும் கல் உடைக்கத்தான் போகணும் என்றும் சொன்னார்.

கடையில் ஒரு ஒன்பதைக் கயிறு பிடித்து அளந்து வந்தேன். அட்டைப் பெட்டியை அதே அளவுக்கு வட்டமாக வெட்டி, சக்கரம் இருந்த இடத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மட்கார்டின் விளிம்பு மட்டும் தட்டியது. அதைச் சுத்தியலால் உள்ளே மடித்துவிட்டேன்.

டயர் வந்தது. மாட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, வண்டியைக் கிளப்பினோம். வேடிக்கை பார்க்க முதலாளியே வந்துவிட்டார்... எங்கள் கஃபீல், வெள்ளைக் கந்தூரா அங்கியில். அண்ணன் டயரை இரும்புக் கம்பியால் தட்டினார். ணங்! காற்று கல் மாதிரி இருந்தால்தான் நாமக்கல்காரருக்குத் திருப்தி.

மணலில் இறங்கியது. கொஞ்ச தூரம் போனது...

ஒன்பதும் புதைந்தது!

கரீம் பாய் என்னைப் பார்த்தார். சம்மட்டி என் கண்முன் வந்து நின்றது. கஃபீல் கையை ஆட்டிக் கத்தினார்: "ஹவா! ஹவா!"

அரபியிலும் இந்தியிலும் ஹவா என்றால் காற்றுதான். காற்று போதவில்லையாம் என்று அண்ணன் பம்பை எடுத்து இன்னும் அடித்தார். வண்டி இன்னும் புதைந்தது.

"மாஃபி ஹவா! மாஃபி ஹவா!"

"காத்தே இல்லீங்கறாரு பாரப்பா!" அண்ணன் மறுபடி பம்பைத் தூக்கினார்.

கஃபீல் தலையில் அடித்துக்கொண்டார். என் பக்கத்தில் வந்து கன்னத்தை உப்பி, வாயால் "ஸ்ஸ்ஸ்ஸ்" என்று காற்றை விட்டுக் காட்டினார். அப்போதுதான் உறைத்தது. மண்டியிட்டு வால்வை அமுக்கினேன்.

"காத்த எறக்குனா டயரு போயிருமப்பா!"

"பொறுங்கண்ணே. தோத்தா கல்லு ஒடைக்கப் போறது நாந்தானே!"

காற்று இறங்க இறங்க, அந்த அகல டயர் ஒட்டகப் பாதம்போல் மணல்மேல் பரந்து உட்கார்ந்தது. "யல்லா!" என்றார் கஃபீல். அண்ணன் கியரைப் போட்டார்.

ஏறியது! தண்ணீர் டிரம்மோடு மணல்மேட்டின் உச்சியில் போய் நின்று ஹாரன் அடித்தார் பாருங்கள்... தேர் நிலைக்கு வந்த மாதிரி நாங்கள் எல்லோரும் கத்தினோம். எனக்குக் கண்ணில் தண்ணீர்.

கரீம் பாய் என் தோளைத் தட்டி இரண்டே வார்த்தை சொன்னார். "பத்தர் கலாஸ்." கல் உடைப்பது இனி முடிந்தது.

இப்போது துபாயில் என் மகனிடம் ஒரு பிக்கப் இருக்கிறது. அவனும் தூக்கித்தான் விட்டிருக்கிறான். எந்த டயர் எங்கே உரசும் என்று போனே படம் போட்டுக் காட்டுகிறது. கம்பியால் தட்டிப் பார்க்க அண்ணனும் இல்லை, அட்டை வெட்டும் வேலையும் இல்லை. ஆனாலும் போன வெள்ளிக்கிழமை எனக்கு போன் பண்ணினான்.

"அப்பா, தர்ட்டி ஃபைவா, தர்ட்டி செவனா? எது போடலாம்?"

மூன்றையும் ஐந்தையும் மனசுக்குள் கூட்டினேன். எட்டு. எண் ஜோசியத்தில் அதுவும் சனிதான்!

"தர்ட்டி செவன் போடுடா."

"வொய் அப்பா?"

சனி பகவானை விளக்கும் அளவுக்கு எனக்கு இங்கிலீஷும் வராது.

"குட் சைஸ்டா" என்றேன்.