வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்திருக்க வேண்டியது

அக்கா காலமாகி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அவரை உறவாக அறிந்தவர்கள். மீதிப் பேர் மூன்றாம் வகுப்பு டீச்சராக அறிந்தவர்கள். இரண்டு தரப்புக்கும் பொதுவாக, தங்கை என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது அபிஷேகப்பாக்கத்தில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். அக்கா பத்தாம் வகுப்பில் இருந்தபோது அப்பா இறந்துவிட்டார். விடுமுறை நாட்களில் அம்மாவுடன் நடவுக்குப் போய்க்கொண்டே படிப்பை முடித்து, ஆசிரியர் பயிற்சியும் பெற்றார். பாகூர்ப் பக்கத்தில் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் வேலை கிடைத்தது. மணமாகிக் கிருமாம்பாக்கம் வந்த பிறகு தினமும் பஸ்ஸில் போய் வந்தார்.

பாடக்குறிப்பை அக்கா பின்னாலிருந்து எழுதுவார். வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளைகளுக்கு எது தெரிந்திருக்க வேண்டும் என்பது முதல் வரி. தெரிந்ததா என்று பார்க்க என்ன கேட்பது என்பது அடுத்த வரி. எப்படி நடத்துவது என்பது கடைசியில்தான் வரும்.

ஒரு வருடம் மணி பார்க்கும் பாடம். கடிகாரத்தைக் காட்டினால் ஒவ்வொரு பிள்ளையும் தானாக மணி சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை கேட்டபோது பதினோரு பேருக்குத் தெரியவில்லை. அக்கா அடுத்த பாடத்துக்குப் போகவில்லை. இரண்டு வாரம் அதிலேயே இருந்தார். அப்போதுதான் ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார்.

“இன்னாம்மா, மத்த ஸ்கூல்ல ஆறாவது பாடம் ஓடுது. நீங்க இன்னும் மூணுலயே நிக்கிறீங்க?”

“ஆறு வரைக்கும் நான் நடத்திடுவேன் சார். பதினோரு பசங்களுக்கு மணி பாக்கத் தெரியலயே.”

பாடம் பின்தங்கியதற்கு எழுத்து மூலம் விளக்கம் கேட்டுவிட்டுப் போனார் அதிகாரி. அக்கா பயந்துதான் போனார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நான் அலுவலகத்தில் வேலை செய்பவள் என்பதால், இனி இப்படி நேராது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

“இதுல நான் தப்பு பண்ணிட்டேன்னு இல்ல இருக்குது?”

“அப்படித்தான்க்கா எழுதணும். இல்லன்னா வம்பாப் பூடும்.”

“ஆவட்டும்டி. பசங்களுக்குத் தெரியலங்கிறதுதான் நெசம்.”

அவரே எழுதினார். பதினோரு பிள்ளைகளின் பெயர்கள், யாருக்கு எந்த இடத்தில் குழப்பம், மறுபடி என்றைக்குக் கேட்கப்போகிறார் என்பவை மட்டும் அதில் இருந்தன. எச்சரிக்கை வந்தது. வாங்கி வைத்துக்கொண்டார். அந்த மாதக் கடைசிக்குள் ஒன்பது பேர் மணி சொன்னார்கள். இரண்டு பேர் சொல்லவில்லை. அதையும் குறிப்பில் எழுதினார். யாரும் அவரைப் பாராட்டவில்லை. அவர் அதை எதிர்பார்த்ததாகவும் எனக்குத் தெரியவில்லை.

குறைகளும் இருந்தன. கோபம் சட்டென்று வரும். உறவினர் வீட்டு விசேஷங்களில் பாதிக்கு வராமலே இருந்துவிடுவார். பலருக்கு அதில் வருத்தம் உண்டு, எனக்கும் உண்டு.

சிறுநீரகக் கோளாறு தெரியவந்தபோது நோய் முற்றியிருந்தது. விடுப்பு எடுக்கும் முன், எந்தப் பிள்ளைக்கு எதுவரை தெரியும் என்று எழுதி, தற்காலிகமாக வந்த இளம் ஆசிரியையிடம் கொடுத்தார். ஒரு சனிக்கிழமை அந்த ஆசிரியை மருத்துவமனைக்கு வந்தார்.

“நேத்து கேட்டேன் டீச்சர். நாலு பேரு இன்னும் புக்குல ஒரு பத்தியத் தானா படிக்கல.”

அக்கா அந்த நாலு பேரின் பெயரைக் கேட்டுக்கொண்டார்.

“அப்ப திங்கக்கிழமையும் அதே பாடந்தாம்மா.”

பள்ளியைப் பற்றி அவர் பேசியது அதுவே கடைசி. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் உயிர் பிரிந்தது.

அருகிலிருந்து பார்த்துக்கொண்ட அக்காவின் கணவரான மாமாவுக்கும், மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள்கொடுத்த ஊராருக்கும் குடும்பத்தின் நன்றி. அடக்கம் முடிந்து பள்ளி திறந்ததும், அதே பாடத்தை மறுபடியும் நடத்திய அந்த ஆசிரியைக்குத் தனியாக நன்றி.